கம்பி வழி வந்த குரல் – 11: வேடமிட்ட இரட்டையர்

சென்ற வாரம் மிகாய்லோ பூபினின் கையில் காசோலையைக் கொடுத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். நியூயார்க் துறைமுகத்தில் ஐந்து சென்ட்டோடு இறங்கிய செர்பியப் பையன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நெடுந்தூரக் கம்பியில் குரல் தேய்ந்துபோகாமல் காக்கும் ஒரு சுருளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை ஏ.டி. அண்ட் டி. கம்பெனிக்கு விற்று 1,85,000 டாலர் பெற்றார். அதற்கு மேல் காப்புரிமை உயிரோடிருக்கும்வரை ஆண்டுக்கு 15,000 டாலர் வேறு.

அதே கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்த ஜார்ஜ் காம்ப்பெல், பூபின் மனுப் போடுவதற்கு முன்பே அதே சுருளை ஆய்வகத்தில் ஓட்டிக் காட்டியிருந்தார். ஆனால் கம்பெனி மனுப் போடத் தாமதித்தது. பூபினின் மனு 1899 டிசம்பரிலேயே போய்விட்டது. தீர்ப்பும் அவர் பக்கமே விழுந்தது. என்னைக் கேட்டால் காம்ப்பெலுக்கு நடந்தது அநியாயம். அலுவலகத்தின் சோம்பலுக்கு அவர் பலியானார்.

அந்தச் சுருளைப் பற்றி இரண்டு விஷயங்களை மட்டும் இந்த வாரம் மனத்தில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, நகரக் கேபிள்களில் சுருள்களை 6,000 அடிக்கு ஒன்றாக வைப்பது பிற்காலத்தில் வழக்கமாயிற்று. தெருவுக்கு அடியில் அவற்றுக்கென்றே குழிகள் இருந்தன. இரண்டு, பேச்சுக்கு வேண்டிய அதிர்வுகளை அது அழகாகக் கடத்தும். நொடிக்கு மூவாயிரத்துச் சொச்சத்தைத் தாண்டினால் கதவைச் சாத்திவிடும். மனிதக் குரலுக்கு அவ்வளவு போதும் என்பதால் யாரும் குறை சொல்லவில்லை. இரண்டுமே வேறொரு நூற்றாண்டுக்காரர்களின் விதியைத் தீர்மானிக்கப் போகின்றன.

*

1937. பாரிஸ்.

ஐ.டி.டி. கம்பெனியின் ஆய்வகத்தில் அலெக் ரீவ்ஸ் என்ற ஆங்கிலேயர் இரைச்சலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். குரல் கம்பியில் போகப்போக இளைக்கும். நடுநடுவே அதை ஊட்டிவிட வேண்டும். ஊட்டும் கருவிக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே கொழுக்க வைக்கும். பத்து இடத்தில் ஊட்டினால் பத்து இடத்து இரைச்சலும் மறுமுனைக்குப் போய்ச் சேரும்.

ரீவ்ஸ் வேறு வழியில் போனார். குரலையே ஏன் அனுப்ப வேண்டும்? குரலின் அலை இந்தக் கணத்தில் எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்த எண்ணை மட்டும் அனுப்பினால் என்ன? எண்ணைத் துடிப்புகளாக மாற்றலாம்: துடிப்பு உண்டு, துடிப்பு இல்லை, இவ்வளவுதான். வழியில் துடிப்பு எவ்வளவு நசுங்கினாலும் அது இருந்ததா இல்லையா என்று கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்தால் அதே இடத்தில் புத்தம் புதிதாக ஒன்றைச் செய்து அனுப்பலாம். இரைச்சல் அங்கேயே செத்துப்போகும்.

1938-ல் பிரான்சில் காப்புரிமைக்கு எழுதிப் போட்டார். யோசனை பிரமாதம். கையில் இருந்ததோ வெற்றிடக் குழாய்கள். ஒரே ஒரு குரலை எண்ணாக்குவதற்கே அலமாரி அலமாரியாகக் குழாய்கள் வேண்டும். அவை சூடாகும், எரிந்துபோகும். செலவைக் கணக்கிட்ட எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது ரீவ்ஸ் தப்பித்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அங்கே குண்டுவீச்சு விமானங்களுக்கு வழிகாட்டும் ‘ஓபோ’ என்ற ரேடியோ ஏற்பாட்டில் மூழ்கிப்போனார். அவருடைய எண்களின் யோசனை கோப்பில் தூங்கியது.

ஆனால் அட்லாண்டிக்கின் மறுகரையில் ஒருவருக்கு அந்த முறை அவசரமாகத் தேவைப்பட்டது. பணம் ஒரு பொருட்டே இல்லாத ஒருவர்.

*

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலும் ரேடியோத் தொலைபேசியில் பேசிக்கொள்வதை ஜெர்மானியர்கள் நெதர்லாந்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைக் குழப்பி அனுப்பும் அன்றைய கருவியின் குட்டு அவர்களிடம் உடைந்துவிட்டிருந்தது.

பெல் ஆய்வகத்துக்கு உத்தரவு போயிற்று. அவர்கள் குரலை எண்ணாக்கினார்கள். அந்த எண்களோடு கிராமபோன் தட்டில் பதிந்த தாறுமாறான இரைச்சலைக் கூட்டி அனுப்பினார்கள். அதே தட்டின் இன்னொரு பிரதி மறுமுனையில் அச்சுப் பிசகாமல் அதே வேகத்தில் சுழலும். இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலை மீட்கும். பேச்சு முடிந்ததும் தட்டை அழித்துவிடுவார்கள். பெயர் ‘சிக்சாலி’. 1943 ஜூலை 15-ல் வேலைக்கு வந்தது. ஒரு முனை வாஷிங்டனில் பென்டகன் கட்டடத்தில். மறுமுனை லண்டனில் ‘செல்ஃப்ரிட்ஜஸ்’ கடையின் நிலவறையில்.

கருவியின் அளவைக் கேளுங்கள். ஒரு முனைக்கு 40 அடுக்குகள், 50 டன்னுக்கு மேல் எடை, சுமார் 30 கிலோவாட் மின்சாரம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு உரையாடலுக்கு இவ்வளவு! இதைக் கட்டியவர்களுக்கு 1976 வரை வாய் திறக்க அனுமதி இல்லை. ஆனால் குரலை எண்ணாக்கினால் அது கெட்டுப்போகாமல் ஊர்போய்ச் சேரும் என்ற அனுபவம் அவர்கள் கைகளில் ஏறிவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி: 50 டன்னை எப்படிக் கைக்கடக்கமாக்குவது? 1947 டிசம்பரில் அதே பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. விடை கிடைத்தது.

*

1962-ல் சிகாகோ பகுதியில் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு இடையே டி-1 என்ற ஏற்பாடு ஓடத் தொடங்கியது. போக ஒரு செம்பு ஜோடி, வர ஒரு செம்பு ஜோடி. அந்த இரண்டு ஜோடியில் 24 உரையாடல்கள்.

எப்படி? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 24 இலை. பரிமாறுகிறவர் ஒரே ஆள். முதல் இலையில் ஒரு கரண்டி, அடுத்ததில் ஒரு கரண்டி என்று போய், 24-ஆவது இலை முடிந்ததும் மறுபடி முதல் இலைக்கு வருகிறார். யாருக்கும் தொடர்ச்சியாகப் பரிமாறவில்லை. ஆனாலும் எந்த இலையும் காலியாகத் தெரியவில்லை. காரணம், இந்த மனிதர் நொடிக்கு 8,000 சுற்று சுற்றுகிறார். ஒவ்வொரு கரண்டியிலும் எட்டு பிட். 24 எட்டு 192. சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒரு பிட் கூட்டினால் 193. அதை 8,000-ஆல் பெருக்கினால் நொடிக்கு 15,44,000 பிட். தொலைத்தொடர்புக்காரர்கள் இன்றும் தூக்கத்தில் கேட்டால்கூடச் சொல்லும் எண் அது.

நசுங்கிய துடிப்பைப் புதுப்பிக்கும் கருவிகளை எவ்வளவு தூரத்துக்கு ஒன்றாக வைப்பது? சரியாக 6,000 அடிக்கு ஒன்று. ஏனென்றால் அங்கேதான் பூபினின் சுருள்களுக்காக வெட்டிய குழிகள் தயாராக இருந்தன. சுருளைக் கழற்றிவிட்டு அதே குழியில் புதுக் கருவியை இறக்கினார்கள். கிழவரின் சுருள் போயிற்று, அது பிடித்துவைத்த இடம் போகவில்லை.

பாவம், ரீவ்ஸ். டி-1 ஓடத் தொடங்கியபோது அவருடைய காப்புரிமையின் ஆயுள் முடிந்துவிட்டிருந்தது. பூபினுக்குக் கிடைத்ததில் ஒரு துளிகூட இவர் பக்கம் சிந்தவில்லை. 1969-ல் பிரிட்டிஷ் தபால் துறை அவருடைய முறையைக் கொண்டாடி ஒரு தபால்தலை போட்டது.

இன்னொன்றும் அந்த ஆண்டுகளில் நடந்தது. ஒரு திருட்டு. ரிசீவரை எடுத்தாரா, வைத்தாரா, மணி அடிக்கிறதா என்ற செய்திகளும் குரலோடு சேர்ந்து போக வேண்டும் அல்லவா? அதற்குத் தனி இடம் ஒதுக்கப் பொறியாளர்களுக்கு மனம் வரவில்லை. டி-1-இன் அடுத்த தலைமுறைக் கருவிகளில், ஆறு சுற்றுக்கு ஒருமுறை குரலின் எட்டு பிட்டில் கடைசி பிட்டை உருவிக்கொண்டு அதில் இந்தச் செய்தியை வைத்தார்கள். அவர்களே அதற்கு வைத்த பெயரும் ‘திருடிய பிட்’ என்பதுதான். காதுக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. கேட்பது காதாக இருக்கும்வரை இந்தத் திருட்டு பிடிபடப் போவதில்லை.

*

இத்தனையும் எக்ஸ்சேஞ்சுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே நடந்தவை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீட்டுக்குப் போகும் கம்பியோ கிரகாம் பெல் காலத்து நிலையிலேயே இருந்தது. வீட்டுக்கு ஒரு செம்பு ஜோடி. நாளில் சில நிமிடங்கள் பேசுவதற்காக மைல் கணக்கில் செம்பு மண்ணுக்குள் சும்மா கிடக்கும். 18,000 அடிக்கு மேல் போனால் சுருள் மாட்ட வேண்டும். இன்னும் போனால் தடித்த கம்பி வேண்டும். கிராமப்புற அமெரிக்காவில் இதற்கு ஒரு மலிவான வழி இருந்தது: ஒரே லைனில் நான்கு வீடு, எட்டு வீடு. அடுத்த வீட்டுக்காரி ரிசீவரைத் தூக்கினால் உங்கள் சண்டையை முழுதாகக் கேட்கலாம். அதையே பொழுதுபோக்காக வைத்திருந்தவர்கள் ஏராளம்.

1970-களில் எல்லோரும் தனி லைன் கேட்டார்கள். நகரத்தைச் சுற்றிப் புறநகர்கள் எக்ஸ்சேஞ்சை விட்டு விலகிக்கொண்டே போயின. ஒவ்வொரு புதுக் குடியிருப்புக்கும் தெருவைத் தோண்டி நூற்றுக்கணக்கான ஜோடிகள் கொண்ட கேபிளைப் புதைப்பதா? பெல் ஆய்வகத்தில் கேள்வி திருப்பிக் கேட்கப்பட்டது: வீட்டை எக்ஸ்சேஞ்ச் வரை இழுத்து வருவதற்குப் பதிலாக, எக்ஸ்சேஞ்சில் ஒரு துண்டை வெட்டி அந்த வீடுகளின் நடுவில் கொண்டுபோய் வைத்தால்?

சிறியதாக இரண்டொரு முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. 40 வீடுகளுக்கான ஒரு கருவி வந்தது. 1979-ல் வந்த எஸ்.எல்.சி.-96 தான் ஊரையே மாற்றியது. பெயரிலேயே கணக்கு இருக்கிறது: 96 வீடுகள். நான்கு டி-1 பாதைகள், ஒன்று கெட்டால் கைகொடுக்க ஐந்தாவதாக ஒன்று. மொத்தம் பத்தே பத்து ஜோடி செம்பு. 96 ஜோடி போட வேண்டிய இடத்தில் 86 மிச்சம்.

இந்தக் கருவிக்கு இரண்டு உடல்கள். எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்குள் நிற்பது மத்திய முனையம். பல மைல் தள்ளி, தெருவோரச் சிமென்ட் மேடையில் உலோகப் பெட்டிக்குள் நிற்பது தொலைமுனையம். இரண்டுமே வேடதாரிகள். அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

*

எக்ஸ்சேஞ்சுக்கு வயதாகிவிட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு ஜோடி செம்பு, அதன் மறுமுனையில் ஒரு டெலிபோன். டெலிபோனுக்கும் அப்படித்தான்: ஒரு ஜோடி செம்பு, மறுமுனையில் எக்ஸ்சேஞ்ச். இந்த இருவருக்கும் நடுவில் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் நாட்டிலுள்ள எல்லா எக்ஸ்சேஞ்சையும் எல்லா டெலிபோனையும் மாற்ற வேண்டிவரும்.

ஆகவே மத்திய முனையம் எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால் டெலிபோனாக நடித்தது. தொலைமுனையம் டெலிபோனுக்கு முன்னால் எக்ஸ்சேஞ்சாக நடித்தது.

பண்ணை வீட்டில் ஒரு பெண் ரிசீவரை எடுக்கிறாள். அவள் கம்பி வழியே மின்னோட்டம் பாய்கிறது. அந்த 48 வோல்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்ததாக அவளுடைய டெலிபோன் நினைக்கிறது. உண்மையில் அது தெருமுனைப் பெட்டியின் பேட்டரியிலிருந்து வருகிறது. மின்னோட்டத்தைக் கவனித்த தொலைமுனையம், ‘எடுத்துவிட்டாள்’ என்பதைத் திருடிய பிட்டில் வைத்து அனுப்புகிறது. மறுமுனையில் மத்திய முனையம் அதைப் படித்து, எக்ஸ்சேஞ்சின் பக்கம் இரண்டு கம்பிகளையும் இணைக்கிறது. பக்கத்து அறையில் யாரோ ரிசீவரை எடுத்தது போலிருக்கிறது எக்ஸ்சேஞ்சுக்கு. டயல் டோன் கொடுக்கிறது. அந்தச் சத்தத்தை எண்ணாக்கி மத்திய முனையம் அனுப்ப, தொலைமுனையம் மறுபடி சத்தமாக்கி அவள் காதில் ஊதுகிறது. அவள் டயலில் 7 சுழற்றினால் அவளுடைய லைன் ஏழு முறை அறுந்து சேரும். ஏழும் பிட்டுகளாகப் போய், எக்ஸ்சேஞ்ச் பக்கத்தில் மத்திய முனையம் ஏழு முறை அறுத்துச் சேர்க்கும்.

அவளுக்கு அழைப்பு வந்தாலும் இதே நாடகம்தான், தலைகீழாக. மணியடிக்க எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் சுமார் 90 வோல்ட்டை மத்திய முனையம் வாங்கி அங்கேயே விழுங்கிவிடுகிறது. ‘மணி அடி’ என்று ஒரு குறிப்பை மட்டும் அனுப்புகிறது. தொலைமுனையம் தன் பேட்டரியிலிருந்து சொந்தமாக ஒரு 90 வோல்ட்டைத் தயாரித்து அவள் வீட்டு மணியை அடிக்கிறது.

எக்ஸ்சேஞ்சின் டெஸ்ட் மேசையில் உட்கார்ந்திருந்த சொந்த ஊழியர்களையே இந்த வேடம் ஏமாற்றிவிட்டது! அவர்கள் லைனை அளந்தால் கண்ணுக்குத் தெரிவது மத்திய முனையம்தான். அதற்கப்பால் வீட்டுக்கம்பி அறுந்து தொங்கினாலும் தெரியாது. அதற்காகவே தனியாக ஒரு செம்பு ஜோடியை இரண்டு பெட்டிகளுக்கும் இடையே சோதனைக்கென்று ஓட விட்டார்கள்.

பெட்டிக்கும் வீட்டுக்கும் இடையே செம்பு அதிகபட்சம் 12,000 அடி என்று விதி வகுத்தார்கள். அவ்வளவு குட்டையான கம்பிக்குப் பூபினின் சுருளே வேண்டாம். பெட்டிக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் இடையே செம்பு போய்க் கண்ணாடி இழை வந்தது. ஒரே லைனில் எட்டு வீடு என்ற தரித்திரம் மறையத் தொடங்கியது. கம்பெனிக்காரர்கள் பெட்டிகளைக் கண்ட இடமெல்லாம் நட்டார்கள்.

ஒரு பலவீனம் மட்டும் இருந்தது. நம் ஊரில் மின்வெட்டில் வீடே இருளில் கிடக்கும்போதும் பழைய லேண்ட்லைன் மணியடித்த நினைவு பலருக்கு இருக்கும். எக்ஸ்சேஞ்சில் பெரிய பேட்டரி அறையும் டீசல் ஜெனரேட்டரும் இருந்ததால் வந்த வரம் அது. தெருமுனைப் பெட்டியில் அந்த வசதி ஏது? உள்ளூர் மின்சாரத்தில் ஓடும். அது போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பெரும்புயல் அடித்து மின்கம்பங்கள் சாய்ந்தால், லைன்மேன்கள் ஜெனரேட்டரை வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போய் உயிரூட்ட வேண்டியிருந்தது. இது தெரிந்த சங்கடம்தான், சமாளித்தார்கள். தெரியாத சங்கடம் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் இரட்டையரில் ஒருவர் காணாமல் போனார்.

*

யார் கொன்றது? புதிய எக்ஸ்சேஞ்ச். 1982-லிருந்து வந்த 5-இ.எஸ்.எஸ். போன்ற எக்ஸ்சேஞ்சுகள் உள்ளும் புறமும் எண்களில் ஓடின. அவற்றுக்குக் குரல் எண்ணாகவே வேண்டும். தொலைமுனையமோ எண்ணாகவே அனுப்புகிறது. நடுவில் மத்திய முனையம் அதை மெனக்கெட்டுச் சத்தமாக்கி, எக்ஸ்சேஞ்ச் மறுபடி எண்ணாக்குவது எதற்கு? டி-1 பாதையை நேராக எக்ஸ்சேஞ்சின் வயிற்றிலேயே சொருகினார்கள். மத்திய முனையம் வேலையிழந்தது. காசும் மிச்சம், இடமும் மிச்சம்.

ஆனால் எல்லா ஊரிலும் இப்படி மாற்றவில்லை. பழைய எக்ஸ்சேஞ்ச் இருந்த இடங்களில் இரட்டையர் இருவரும் பழையபடி நடித்துக்கொண்டிருந்தார்கள். எந்தத் தெரு எந்த வகை என்பது வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது; தெரிய வேண்டிய அவசியமும் 1997 வரை வரவில்லை.

அந்த ஆண்டு கடைகளில் 56 கே மோடம் வந்தது. அடுத்த ஆண்டே வி.90 என்று உலகத் தரமும் வகுத்தார்கள். ஒரே ஊரில், ஒரே கடையில், ஒரே மாதிரி மோடம் வாங்கிய இருவரில் ஒருவருக்கு இன்டர்நெட் சீறிப் பாய்ந்தது. இன்னொருவருக்கு 26, 28 என்று நொண்டியது. என்ன செய்தும் 33.6-ஐத் தாண்டவில்லை. மோடத்தை மாற்றினார்கள், கம்பியை மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. விந்தை என்னவென்றால், எக்ஸ்சேஞ்சிலிருந்து பழைய செம்பிலேயே தொங்கிக்கொண்டிருந்த வீடுகள் பல வேகமாக இருந்தன. நவீனப் பெட்டி வைத்த புதுக் குடியிருப்புகள் பின்தங்கின.

முடிச்சு இங்கேதான். 56 கே ஒரு நிபந்தனையோடு பிறந்தது: இன்டர்நெட் கம்பெனியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் எண் சத்தமாக மாறுவது ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். இரட்டையர் வேடம் கட்டிய தெருக்களில் எக்ஸ்சேஞ்ச் ஒருமுறை சத்தமாக்கியது. மத்திய முனையம் அதை எண்ணாக்கியது. தொலைமுனையம் மறுபடி சத்தமாக்கியது. 1979-ல் கைதட்டல் வாங்கிய அந்த நாடகமே இப்போது காலை வாரியது.

பழைய திருட்டும் இப்போதுதான் அம்பலத்துக்கு வந்தது. நொடிக்கு 8,000 முறை எட்டு பிட் என்றால் 64,000 வர வேண்டும். மோடம் ஏன் 56-ஓடு நின்றது? கடைசி பிட்டை எந்தச் சுற்றில் யார் உருவுவார்கள் என்று மோடத்துக்குத் தெரியாது. நம்பக்கூடியது ஏழு பிட் மட்டும். ஏழு எட்டாயிரம் ஐம்பத்தாறாயிரம். கேட்பது காதாக இருந்தவரை பிடிபடாத களவு, கேட்பது கணினியானதும் பிடிபட்டது.

*

மோடம் போய் டி.எஸ்.எல். வந்தபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. அது செம்பிலேயே நொடிக்குப் பத்து லட்சம் அதிர்வு வரை ஏறி ஓடும் நுட்பம். எக்ஸ்சேஞ்சில் ஒரு கருவி, வீட்டில் ஒரு கருவி, நடுவில் முழுக்க முழுக்கச் செம்பு. அதுதான் அதற்கு வேண்டியது. நீளமான பழைய லைன்களில் பூபினின் சுருள் வாசலிலேயே மறித்தது. தேடித் தேடிக் கழற்ற வேண்டியிருந்தது. பெட்டி வைத்த தெருக்களில் செம்பு எக்ஸ்சேஞ்ச் வரை போகவே இல்லை, தெருமுனையோடு முடிந்துவிட்டது. பக்கத்தில் பெட்டி இருந்ததாலேயே அந்தத் தெருக்களுக்கு ‘இங்கே கிடைக்காது’ என்ற பதில் வந்தது.

இதில் சட்டமும் தலையிட்டது. 1996-ன் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய கம்பெனிகள் தங்கள் வீட்டு லைன்களைப் போட்டிக் கம்பெனிகளுக்கு வாடகைக்குத் தர வேண்டும் என்றது. போட்டிக்காரர் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து, ‘இந்த வீட்டின் ஜோடியைக் கொடுங்கள்’ என்று கேட்டார். மத்திய முனையத்தை ஒழித்துவிட்ட எக்ஸ்சேஞ்சுகளில் அப்படி ஒரு ஜோடியே கிடையாது! அந்த வீடு ஒரு கண்ணாடி இழைக்குள் ஓடும் பிட்டுகளில் எங்கோ ஒரு கரண்டி. கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை என்று பழைய கம்பெனிகள் விரித்துக் காட்டின. சில பேர் அதை வருத்தத்தோடு சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

1999 அக்டோபரில் எஸ்.பி.சி. என்ற பெரிய கம்பெனி 600 கோடி டாலரில் ‘ப்ராஜெக்ட் ப்ரோன்டோ’ என்றொரு திட்டத்தை அறிவித்தது. டி.எஸ்.எல். கருவியை எக்ஸ்சேஞ்சில் வைக்காமல் தெருமுனைப் பெட்டிகளுக்கே கொண்டுபோவது என்பது அதன் சாரம். எக்ஸ்சேஞ்சில் இன்னொரு துண்டையும் வெட்டித் தெருவுக்கு அனுப்பினார்கள். உடனே அடுத்த சண்டை: அந்தப் பெட்டிக்குள் போட்டிக்காரரின் கார்டைச் சொருக இடம் தர வேண்டுமா, கூடாதா? வழக்கும் முறையீடுமாக அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

1979-ன் பொறியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் கேட்டது குரலுக்கு வழி. குரலுக்குக் குறைவில்லாமல் கொடுத்தார்கள். 1990-களின் பிற்பகுதியிலும், இன்டர்நெட் வாசலில் நிற்பது தெரிந்தும், பழைய வேடத்தையே புதுத் தெருக்களில் நட்டுக்கொண்டிருந்த கம்பெனிகள்தான் குற்றவாளிகள்.

அமெரிக்கா இப்படிப் பெட்டிக்குள் சிக்கித் தவித்த அதே ஆண்டுகளில், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவருடைய குழுவினரும் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொலைமுனையத்துக்கும் வீட்டுக்கும் இடையே அந்தக் கடைசித் துண்டுச் செம்பும் எதற்கு? அதையும் எடுத்துவிட்டுக் காற்றிலேயே பேச்சையும் இன்டர்நெட்டையும் அனுப்பினால்? நாளை இந்தியக் கிராமத்துக்கு லைன் போக வேண்டுமென்றால் செம்பைப் புதைத்துக் கட்டுபடியாகாது என்பது அவர்கள் முடிவு. ‘கார்டெக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். மதுரை மாவட்டத்து மேலூர்க் கிராமங்களில் அது ஒருநாள் இன்டர்நெட்டைக் கொண்டுவந்து இறக்கும்.

ஆனால் அவர்கள் கையில் எடுத்த ஐரோப்பிய ரேடியோ முறை, அலுவலகக் கட்டடங்களுக்குள் கம்பியில்லா டெலிபோன் வைத்துப் பேசுவதற்கென்று செய்தது. சில நூறு மீட்டருக்கு மேல் போவதற்கு அது பிறக்கவில்லை. சென்னைக் குழுவுக்கு வேண்டியதோ 10 கிலோமீட்டர். எப்படி எட்டினார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)